பாலத்தடியில் நின்றுவிடும் மடவைக் குஞ்சுகள்: முதலில் எதைக் கேட்பது?

கேள்வி: அத்திப்பட்டு புதுநகர் பக்கம் எங்கள் ஊரை ஒட்டி எட்டு மீட்டர் அகலத்தில் ஓர் ஓடை, எண்ணூர்க் கழியில் சேருகிறது. அதன் குறுக்கே போகும் சாலையை உயர்த்தியபோது பழைய சிறுபாலத்தை எடுத்துவிட்டு, மூன்றடி விட்டமுள்ள இரண்டு ஹியூம் பைப்புகளை (சிமென்ட் குழாய்களை) பதித்தார்கள். பைப்பின் வாய் ஓடைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிற்கிறது. அதன் பிறகு உள்ளே மடவைக் குஞ்சும் இறால் குஞ்சும் குறைந்துவிட்டன, தண்ணீரும் தேங்கிக் கெடுகிறது. கொசஸ்தலையாற்றின் மேலே வல்லூர் அணைக்கட்டும் இருக்கிறது. அணையை இடிக்கச் சொல்லி மனுக் கொடுப்பதா, மீன் ஏணி (அணையை மீன் ஏறிக் கடக்க அமைக்கும் நீர்வழி) கேட்பதா, எதிலிருந்து தொடங்குவது?

பதில்: பைப்பிலிருந்து தொடங்குங்கள். அணையை இடிக்கக் கேட்க வேண்டாம். மீன் ஏணியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கடலிலிருந்து வரும் குஞ்சுக்கு முதலில் எதிர்ப்படும் தடை எதுவோ அதைத்தான் முதலில் நீக்க வேண்டும். கீழே வழி அடைபட்டிருக்கையில் மேலே எவ்வளவு செலவழித்து வழி அமைத்தாலும் அதில் ஏற மீன் வந்து சேராது.

மடவை கடலில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் கழிக்குள் வந்து வளர்கின்றன. வெள்ளை இறாலும் அப்படியே. கொடுவா ஆற்றிலும் கழியிலும் வளர்ந்து, முட்டையிடும் காலத்தில் முகத்துவாரத்தை நோக்கி இறங்குகிறது. விலாங்கு நன்னீரில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்து, முட்டையிடக் கடலுக்குப் போகிறது. இவற்றில் எந்த இனத்துக்கும் ஒரே இடத்தில் வாழ்க்கை முடிந்துவிடுவதில்லை.

சென்னைக் கரையில் பெரும் ஓதத்தின்போதும் (அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய கடலேற்றம்) நீர் ஏறி இறங்கும் உயரம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். உங்கள் பைப்பின் வாய் ஒரு சாண், அதாவது 20 சென்டிமீட்டருக்கு மேல், தூக்கி நிற்கிறது என்றால் அந்த ஒரு மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகிறது. சிறு ஓதம் வரும் நாட்களில் இன்னும் கூடுதலாகவே வீணாகும். இறால் குஞ்சு தானாக நீந்தி வெகுதூரம் போவதில்லை, ஏறும் தண்ணீரோடு சேர்ந்தே உள்ளே வருகிறது. ஆகவே தண்ணீர் வாசலைத் தொடாத ஒவ்வொரு நிமிடமும் அதற்குக் கதவு சாத்தியிருப்பதாகவே பொருள். எட்டு மீட்டர் ஓடையை இரண்டு பைப்புக்குள் அடக்கியதால் உள்ளே ஏறும் நீரின் அளவும் குறைகிறது. உங்கள் பகுதியில் தண்ணீர் தேங்கிக் கெடுவதாக எழுதியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

மழைக்காலத்தில் சிக்கல் வேறு. ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் இடைவிடாமல் வெளியே பாய்கிறது. மடவைக் குஞ்சு எதிர்நீச்சல் போட்டாக வேண்டும். இதை நீங்களே அளந்து பார்க்கலாம். காய்ந்த தேங்காய் மட்டைத் துண்டு ஒன்றைப் பைப்பின் ஒரு வாயில் போட்டு, மறு வாயில் வெளிவரும் வரை நொடிகளை எண்ணுங்கள். எட்டு மீட்டர் நீளத்தைப் பத்து நொடியில் கடந்தால் வேகம் நொடிக்கு 80 சென்டிமீட்டர். ஐந்து சென்டிமீட்டர் குஞ்சு தன் உடல் நீளத்தைப் போல் பத்து மடங்கு, அதாவது நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில், சில நொடிகள் மட்டுமே பாய முடியும், பிறகு களைத்துவிடும். வழுவழுப்பான சிமென்ட் பைப்புக்குள் ஒதுங்கி நிற்கக் கல்லோ சேறோ கிடையாது.

இன்னோர் அடையாளமும் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஒரு சாலையில் காலை வற்றத்தின்போது (ஓதம் இறங்கும் நேரத்தில்) நின்றிருந்தேன். பைப்பிலிருந்து தண்ணீர் விழும் குழியில் விரல் நீளக் குஞ்சுகள் கருப்பாகத் திரண்டு, விழும் நீரை நோக்கித் துள்ளித் துள்ளிப் பின்வாங்கின. கரையில் ஏழெட்டுக் கொக்குகள் வரிசையாக நின்று கொத்திக்கொண்டிருந்தன. கொக்கு அன்றாடம் வந்து நிற்கும் பாலத்தடி மீன் தடைபடும் இடம் என்பதற்கு வேறு சான்று பெரும்பாலும் தேவைப்படாது. தேதியும் நேரமும் பதிவாகும்படி படம் எடுத்து மனுவுடன் இணையுங்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது ஓடையின் முழு அகலத்துக்குப் பெட்டி வடிவச் சிறுபாலம். அதன் தளம் படுகையிலிருந்து குறைந்தது ஓரடி கீழே இருக்க வேண்டும்; அப்போதுதான் மேலே இயல்பான சேறும் மணலும் படிந்து நிற்கும். ஒரு எச்சரிக்கை: கழியின் பல இடங்களில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து தரையே உயர்ந்திருக்கிறது. இன்றைய மட்டத்தை வைத்துத் தளம் போட்டால், நாளை சாம்பலைத் தூர்வாரும்போது புதுப்பாலமும் தூக்கி நிற்கும். சாம்பலுக்குக் கீழே உள்ள பழைய தரையைக் கம்பி இறக்கிப் பார்த்து, அந்த மட்டத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். சாலையின் வரைபடத்தையும் பைப்பின் தள மட்டத்தையும் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்கீழ் பெறலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். மனுவைத் திருவள்ளூர் ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, நீர்வளத் துறைக்கும் மீன்வளத் துறைக்கும் நகல் அனுப்புங்கள். ஓதம் ஏறும் இடம் என்பதால் கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதியும் தேவைப்படலாம்.

இனி வல்லூர். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரில் கடல் உப்பு ஏறத் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. கொசஸ்தலையாற்றின் குறுக்கே நன்னீரைத் தேக்கி நிறுத்தும் ஒவ்வொரு கட்டும் அந்த உப்பை ஓரளவு எதிர்த்து நிற்கிறது. மீனுக்காக அதை இடிக்கச் சொன்னால் மேலே பயிர் செய்பவர்கள் உங்களுக்கு எதிராக நிற்பார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கும். இதனால் அணை மீனுக்குக் கேடு செய்யாது என்று ஆகிவிடாது. மேட்டூர் அணை 1934-இல் முடிந்தபின் காவிரியில் உல்லம் (ஹில்சா) மீன்பாடு குலைந்துபோனதை இந்நாட்டு மீன்வள வரலாறு மறக்கவில்லை.

அங்கே கேட்கக்கூடியது மீன்வழி. அதையும் சால்மனுக்கென்று மேலைநாட்டார் கட்டும் படிக்கட்டு வடிவில் கேட்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் ராக்ஹாம்ப்டன் நகரின் தடுப்பணையில் அப்படிப்பட்ட ஏணியை நம் கொடுவாவே சரியாகப் பயன்படுத்தவில்லை. 1990-களில் அதைக் குறுக்குச் சுவர்களில் செங்குத்துப் பிளவுகள் கொண்ட வழியாக மாற்றியபிறகுதான் மீன்கள் திரளாக ஏறின. நமக்கு ஏற்றது, கற்களைப் பரப்பிய நீண்ட சரிவு. ஒரு மீட்டர் உயரத்துக்கு 20 முதல் 30 மீட்டர் நீளம் வேண்டும்; குஞ்சுகளுக்கு 30 மீட்டரே நல்லது. அது வரும்வரை, மதகு உள்ள கட்டுகளில் வெள்ளக் காலத்தில் பல மதகுகளைச் சிறிது சிறிதாகத் தூக்காமல் ஒன்றை முழுதாகத் தூக்கும்படி கோரலாம். சிறு இடைவெளியில் பீறிடும் நீரை எந்தக் குஞ்சும் எதிர்த்து ஏறாது, மேலிருந்து இறங்கும் குஞ்சும் அதில் அடிபடும்.

பாலம் மாற்றும் வேலையைப் பங்குனிக்கும் ஆடிக்கும் இடையில் முடிக்க வலியுறுத்துங்கள். வேலைக்காகப் போட்ட மண்மேட்டை ஒப்பந்ததாரர் முழுதாக அள்ளிச் சென்றாரா என்பதை இறங்கி நின்று பாருங்கள். பிறகு ஐப்பசி முதல் மழை முடிந்த வாரத்தில், பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே வலையை ஒரே நேரம் வீசி, குஞ்சுகளை எண்ணி எழுதி வையுங்கள். இப்போதே ஒருமுறை எண்ணி வைத்திருந்தால் ஒப்பிட வசதியாக இருக்கும்.