கொல்லைக்குப் போகும் தண்ணீர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் பத்து சென்ட் கொல்லை இருக்கிறது. குளிக்கிற தண்ணீர், துணி துவைக்கிற தண்ணீர், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் மூன்றும் ஒரே வாய்க்காலில்தான் ஓடுகின்றன. தென்னைக்கு ஒன்றும் ஆகவில்லை. எலுமிச்சை மட்டும் இரண்டு வருஷமாக இலை ஓரம் கருகி, பிஞ்சு நிற்காமல் உதிர்கிறது. தண்ணீர்தான் காரணமா? (வாசகி, பட்டுக்கோட்டை)

பதில்: நீங்கள் எழுதியதைப் பார்த்தால் துணி துவைத்த தண்ணீர் மேல்தான் என் சந்தேகம். சலவைத் தூளில் கணிசமான பங்கு சலவைச் சோடா மாதிரியான சோடியம் உப்புகள். உப்பைத் தாங்குவதில் தென்னை கெட்டிக்காரமரம், கடலோரத்திலேயே நிற்கிறதே. எலுமிச்சைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது, கொஞ்சம் உப்பு ஏறினாலே இலை ஓரத்தில் காட்டிவிடும்.

மண்ணுக்கும் கெடுதல்தான். சோடியம் சேரச் சேர மண்ணின் பொலபொலப்பு போய், காய்ந்தால் ஓடு மாதிரி இறுகி, ஊற்றுகிற தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். களிமண்ணாக இருந்தால் இன்னும் சீக்கிரம். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. வாஷிங் மெஷின் வாங்கிய புதிதில் இவ்வளவு தண்ணீர் சாக்கடைக்குப் போகிறதே என்று மனசு கேட்காமல் குழாயை நேராகக் கறிவேப்பிலைக்குத் திருப்பிவிட்டேன். ஒரே கோடையில் மண் மேலே வெள்ளை பூத்து, பத்து வருஷ மரம் பட்டுப்போய்விட்டது. ரசம் தாளிக்கும்போதெல்லாம் மாமியார் அதைச் சொல்லிக்காட்டுகிறார்.

“அந்தக் காலத்தில் கிணற்றடித் தண்ணீர் முழுவதும் வாழைக்குத்தானே போச்சு” என்று யாராவது சொல்வார்கள். போச்சுதான். பாத்திரம் தேய்த்தது சாம்பலில், தலைக்குத் தேய்த்தது சீயக்காயும் அரப்பும். சாம்பலில் இருப்பது பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்தும் சாம்பல் சத்தும் (பொட்டாஷ்), செடிக்கு வேண்டியவை. வாய்க்கால் அதேதான், தண்ணீர்தான் வேறு.

அதனால் முதலில் குழாயைப் பிரியுங்கள். குளித்த தண்ணீர் தனியாக வாழைக்குப் போகட்டும். நாலு பேர் ஆளுக்கு இரண்டு வாளி குளித்தாலே நாளுக்கு நூறு லிட்டருக்கு மேல் தேறும். துணி ஊறிய முதல் தண்ணீர் கொல்லைக்கே வேண்டாம். கடைசியாக அலசிய தண்ணீரைத் தென்னைக்கு விடலாம், தினமும் ஒரே மரத்துக்கு விடாமல் மாற்றி மாற்றி. பாத்திரம் கழுவுகிற தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், அதை ஒரு துளை போட்ட வாளியில் தேங்காய் நார் அடைத்து அதன் வழியாக இறக்கி, கல்வாழையும் சேம்பும் நட்ட குழியில் விடுங்கள். நாரை வாரம் ஒரு தரம் மாற்றாவிட்டால் அடைத்துக்கொள்ளும். பாத்ரூம் கழுவுகிற ஆசிட், பிளீச்சிங் பவுடர், தலைக்கு அடிக்கிற டை இதெல்லாம் எந்தச் செடிக்கும் போகக் கூடாது.

எலுமிச்சைக்கு இனி நல்ல தண்ணீர் மட்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் மரத்தைச் சுற்றி ஜிப்சம் தூவிக் கொத்திவிடுங்கள், அதிலுள்ள கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு இடத்தைப் பிடிக்கும், மழை அந்த உப்பைக் கீழே இறக்கும். எவ்வளவு போடுவது என்பதை மண் பரிசோதனை செய்துவிட்டு முடிவு செய்யுங்கள். தண்ணீர் வடிய வழி இல்லாத பள்ளமாக இருந்தால் ஜிப்சம் போட்டும் பிரயோஜனமில்லை.

கேள்வி: அரிசி கழுவிய தண்ணீர், வடிகஞ்சி, மிச்சச் சோறு மூன்றையும் மாட்டுக்கே வைக்கிறோம். செடிக்கு விடுவது நல்லதா, மாட்டுக்கு வைப்பது நல்லதா? (வாசகர், தொண்டாமுத்தூர்)

பதில்: வீட்டில் மாடு இருக்கும்போது கழுநீர் மாட்டுக்குத்தான். தவிடும் புண்ணாக்கும் கலந்து வைத்தால் அது குடித்துவிட்டு உங்களுக்குச் சாணமாகத் திருப்பித் தரும், அதைவிட நல்ல உரம் செடிக்கு எது? ஆனால் சோறு விஷயத்தில் ஜாக்கிரதை. கழுநீர்ப் பானையில் ஒரு கைப்பிடி விழுந்தால் பரவாயில்லை, விசேஷ வீட்டில் மிஞ்சியது, பொங்கலன்று பாசத்தில் அள்ளி வைப்பது, இவைதான் ஆபத்து. அவ்வளவு மாவுச் சத்து ஒரேயடியாக உள்ளே போனால் முதல் வயிற்றில் வேகமாகப் புளித்து அமிலம் ஏறிவிடும். மாடு அசைபோடாமல் நிற்கும், வயிறு உப்பும், சாணம் தண்ணீராகப் போகும். விட்டால் உயிருக்கே ஆபத்து. கைவைத்தியம் பார்த்துக்கொண்டு நேரத்தைக் கடத்தாமல் உடனே கால்நடை டாக்டரைக் கூப்பிடுங்கள்.

உப்புப் போட்ட கஞ்சியைச் செடிக்கு ஊற்ற வேண்டாம். உப்பில்லாத வடிகஞ்சியை ஆறவைத்து, நாலைந்து பங்கு தண்ணீர் விட்டு ஊற்றலாம். அப்படியே கெட்டியாக ஊற்றினால் எறும்பும் நாற்றமும்தான் மிச்சம்.

கேள்வி: முட்டை ஓடு, டீத்தூள் சக்கை? (வாசகி, விருத்தாசலம்)

பதில்: முட்டை ஓட்டை நொறுக்கி வேரடியில் போட்டுவிட்டு நாளைக்கே பூக்கும் என்று காத்திருக்காதீர்கள். அது சுண்ணாம்பு, மாவாக அரைத்துப் போட்டாலும் கரைய மாதக்கணக்காகும். ஏற்கெனவே சுண்ணாம்பு அதிகமுள்ள மண்ணில் போடவே தேவையில்லை. டீச் சக்கையைச் சர்க்கரை போக அலசிவிட்டு, தனியாகக் கொட்டாமல் காய்ந்த சருகோடு மக்குக் குழியில் சேருங்கள். குழி நாறினால் பச்சைக் கழிவு கூடிவிட்டது என்று அர்த்தம், இரண்டு கூடை சருகு போட்டுக் கிளறுங்கள், அடங்கிவிடும்.

கேள்வி: குளித்த தண்ணீரைத் தொட்டியில் பிடித்து மாலையில் பாய்ச்சுகிறேன். நாற்றமும் கொசுவும் தாங்கவில்லை. கீரைக்கும் இதையே விடலாமா? (வாசகர், திருமங்கலம்)

பதில்: தொட்டியே வேண்டாம். சோப்புத் தண்ணீர் ஒரு நாளைத் தாண்டினாலே நாற ஆரம்பித்துவிடும், ஒரு வாரம் பத்து நாள் தேங்கினால் கொசு முட்டை கொசுவாகிப் பறந்துவிடும். வந்த தண்ணீர் வந்தபடியே மண்ணுக்குள் இறங்கட்டும், மேலே சருகு மூடியிருக்கட்டும். கிணறு இருந்தால் அதிலிருந்து ஐம்பது அடியாவது தள்ளிவிடுங்கள்.

கீரைக்கு வேண்டாம். கொத்தமல்லி, புதினா, முள்ளங்கிக்கும் வேண்டாம். உடம்பு கழுவிய தண்ணீரில் கிருமி இருக்கும், அதுவும் கைக்குழந்தை துணி அலசுகிற வீடானால் கேட்கவே வேண்டாம். மரத்துக்கு, அதுவும் அடியில் மட்டும்.