முதல் பயாப்சி தவறா?

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. இரண்டு வருடங்களுக்கு முன் திடீரென்று முகமும் காலும் வீங்கின. சிறுநீரில் புரதம் போனது. சிறுநீரக பயாப்சி எடுத்து ‘மினிமல் சேஞ்ச்’ என்றார்கள். ஸ்டீராய்டு கொடுத்தும் முழுதாகக் கட்டுப்படவில்லை. இப்போது மறுபடி எடுத்ததில் ‘எஃப்.எஸ்.ஜி.எஸ்.’ என்று வந்திருக்கிறது. முதல் ரிப்போர்ட் தவறா?

பதில்: தவறு என்று சொல்ல மாட்டேன். எஃப்.எஸ்.ஜி.எஸ். (ஃபோக்கல் செக்மென்டல் குளோமருலோஸ்கிளீரோசிஸ்) என்றால் சிறுநீரக வடிகட்டிகள் சிலவற்றில் தழும்பு விழுந்திருக்கிறது என்று பொருள். ‘மினிமல் சேஞ்ச்’ என்றால் சாதாரண நுண்ணோக்கியில் மாற்றம் எதுவும் தெரியவில்லை என்று பொருள். முதல் ஊசியில் கிடைத்த துணுக்கில் அந்தத் தழும்பு சிக்காமல் போயிருக்கலாம்.

ஒரு சிறுநீரகத்தில் சுமார் 10 லட்சம் குளோமருலஸ்கள், அதாவது நுண் வடிகட்டிகள், இருக்கின்றன. பயாப்சி ஊசியில் வருவதோ பத்து, இருபது. எஃப்.எஸ்.ஜி.எஸ். எல்லா வடிகட்டிகளையும் ஒரேயடியாகத் தாக்குவதில்லை. சிலவற்றில் மட்டும், அவற்றிலும் ஒரு பகுதியில் மட்டும் தழும்பு விழும். அதுவும் சிறுநீரகத்தின் உள்ளடுக்கை ஒட்டி ஆழத்தில் இருப்பவற்றில்தான் பெரும்பாலும் தொடங்கும். பத்தில் ஒன்றுதான் பழுது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 குளோமருலஸ் கிடைத்த மாதிரியில் பழுதானது ஒன்றுகூட வராமலிருக்க ஏறக்குறைய 35 சதவீத வாய்ப்பு உண்டு. 20 கிடைத்தால் அது 12 சதவீதமாகக் குறையும். அதனால் ரிப்போர்ட்டில் நோயின் பெயரைப் பார்க்கும் முன் குளோமருலஸ் எண்ணிக்கையைப் பாருங்கள்.

தழும்பு சிக்காவிட்டால் இரண்டு நோய்களும் ஒன்றுபோலவே தெரியும். சாதாரண நுண்ணோக்கியில் வடிகட்டி நன்றாக இருக்கும். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், வடிகட்டியைப் பற்றிக்கொண்டிருக்கும் செல்களின் நுண்கால்கள் தட்டையாகியிருக்கும். புரதம் ஒழுகுவது அதனால்தான்.

சரி, இனி என்ன? எஃப்.எஸ்.ஜி.எஸ். என்பது தழும்பின் அமைப்புக்கு வைத்த பெயர். காரணம் என்ன என்பதை அது சொல்லாது. நுண்கால்கள் எல்லா இடத்திலும் தட்டையாகி, ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதமும் வெகுவாகக் குறைந்து, வீக்கம் திடீரென வந்திருந்தால் முதல்நிலை வகையாக, அதாவது வேறொரு நோயின் விளைவாக வராததாக, இருக்க வாய்ப்பு அதிகம். அதற்குத்தான் ஸ்டீராய்டும் மற்ற எதிர்ப்பாற்றல் அடக்கும் மருந்துகளும். உடல்பருமன், ஒற்றைச் சிறுநீரகம், சில வைரஸ் தொற்றுகள் போன்றவற்றால் வந்ததென்றால், ஸ்டீராய்டு பக்கவிளைவைத்தான் மிச்சம் வைக்கும். அங்கே ரத்த அழுத்தத்தையும் புரத ஒழுக்கையும் குறைக்கும் மாத்திரைகளே முக்கியம். ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படாத இளவயதினருக்கு மரபணுக் கோளாறு இருக்கலாம். அப்படியென்றால் அந்த மருந்துகள் பெரும்பாலும் பலன் தருவதில்லை. ஆகவே மருந்தைக் கூட்டும் முன் மரபணுப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அதற்காக ஸ்டீராய்டை நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து.

அப்புறம், வடிகட்டிகளைச் சுற்றியுள்ள திசுவில் எத்தனை சதவீதம் தழும்பு என்று ரிப்போர்ட்டில் எழுதியிருப்பார்கள். பலரும் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அதுதான் பெரிய வரி, ஏனென்றால் அந்தத் தழும்பை எந்த மருந்தாலும் திருப்ப முடியாது.

முடிந்தால் முதல் பயாப்சியின் கண்ணாடி ஸ்லைடுகளையும், திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கி, இப்போதைய பேத்தாலஜிஸ்ட்டிடம் (திசுவைப் பரிசோதிக்கும் மருத்துவர்) கொடுங்கள். மெழுகுக் கட்டியை இன்னும் ஆழமாகச் சீவிப் பார்த்தால், அன்று தப்பிய தழும்பு இன்று தென்படலாம்.