வேலூரில் வாடகைக்கு இருப்பவர்கள் கேட்ட கேள்விகள்

இருபது வருடமாக வேலூரில் வாடகை ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பவன் என்பதால், இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு என்னிடமே பதில் கேட்டார்கள்.

பையன் காட்பாடியில் படிக்கிறான். நண்பர்களோடு வீடு எடுக்கிறார்கள். வீட்டுக்காரர் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார். சட்டப்படி மூன்று மாதம்தானே ஐயா?

2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி மூன்று மாதம்தான். ஆனால் "இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் தவிர" என்று அதே பிரிவில் இருக்கிறது. பத்து மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு பேச இடமில்லை. பேரத்தைக் கையெழுத்துக்கு முன்னால் முடித்துவிடுங்கள்.

அரசாங்கமே இவ்வளவுதான் வாடகை என்று நிர்ணயித்தால் என்ன அண்ணே? சம்பளத்தில் பாதி வாடகைக்கே போகிறது.

உங்கள் வயிற்றெரிச்சல் நியாயமானது தம்பி. ஆனால் அதைச் செய்து பார்த்தாயிற்று. 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'நியாய வாடகை' இருந்தது. குடியிருப்பு என்றால் கட்டடம், மனை மதிப்பில் வருடத்துக்கு 9 சதவீதம், கடை என்றால் 12. அதை நிர்ணயிக்கவே வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. வருகிற வாடகையில் ஓடு மாற்றக்கூட முடியாது என்று வீட்டுக்காரர்கள் கட்டடத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். 2019 பிப்ரவரி 22-இல், நான் மேலே சொன்ன புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இப்போது இருவரும் பேசி முடிப்பதுதான் வாடகை.

நம் ஊருக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் குடும்பங்கள் வாரக்கணக்கில் தங்குகின்றன. ஆஸ்பத்திரியைச் சுற்றி ஒரு அறையை நாள் வாடகைக்கு விட்டால் மாத வாடகையைவிட அதிகம் கிடைக்கிறது. மாத வாடகைக்கு மட்டும் உச்சவரம்பு போட்டால் மிச்சமிருக்கும் வீடுகளும் நாள் வாடகைக்குப் போய்விடும். நீங்கள் பாகாயத்தையும் தாண்டித்தான் வீடு தேட வேண்டிவரும். வீடுகள் பெருகாமல் வாடகை இறங்காது. அதுவரை, வருடத்துக்கு எத்தனை சதவீதம் ஏற்றலாம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். நடுவில் திடீரென்று ஏற்ற முடியாது.

பன்னிரண்டு வருடமாகச் சத்துவாச்சாரியில் ஒரே வீடு. "நமக்குள்ள எதுக்கும்மா பத்திரம்" என்கிறார் வீட்டுக்காரம்மா. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன் அம்மா. எழுத்து ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணம் காட்டி வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கேட்க இந்தச் சட்டம் வழிவிடுகிறது. போன வருடம் ஒருவர் நாற்பது பக்க நோட்டைக் கொண்டுவந்தார். மாதாமாதம் தொகை, பக்கத்தில் வீட்டுக்காரரின் சுருக்கொப்பம். நடுவில் எட்டு மாதம் ஒப்பம் இல்லை, அப்போது வீட்டுக்காரர் தன் மகளின் வீட்டில் இருந்தாராம். அந்த எட்டு மாதத்தைத்தான் பாக்கி என்றார்கள். ரொக்கம் கொடுத்தவரிடம் வேறு சாட்சி இல்லை. ஒப்பந்தம் எழுதி, இதற்கென்று அரசு வைத்திருக்கும் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். வாடகையை வங்கி வழியாகக் கொடுங்கள். வீட்டுக்காரம்மாவுக்கும் அது பாதுகாப்புதான்.

ஒரு மாத வாடகை பாக்கிக்கு வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிட்டார்.

செய்யக்கூடாது. பாக்கி இருந்தாலும் தண்ணீர், மின்சாரத்தை நிறுத்த அவருக்கு உரிமை இல்லை. வாடகை அதிகாரியிடம் இன்றே மனு கொடுங்கள். பாக்கியையும் கட்டிவிடுங்கள், இரண்டு மாதமானால் காலி செய்யச் சொல்ல அவருக்கு அதுவே காரணமாகிவிடும்.

காலி செய்யும்போது வெள்ளையடிக்க என்று அட்வான்ஸில் பிடிக்கிறார்களே?

ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதவில்லை என்றால் வெள்ளையடிப்பது வீட்டுக்காரர் செலவு. குழாய் வாஷர், சுவிட்ச், உடைந்த ஜன்னல் கண்ணாடி உங்கள் செலவு. சாவி கொடுத்த ஒரு மாதத்துக்குள் மீதி அட்வான்ஸ் கைக்கு வர வேண்டும்.