இருப்பது இரண்டே கோடை

போன வாரம் கோவில்பட்டியிலிருந்து ஒருவர் மகளோடு வந்திருந்தார். பெண் பி.எஸ்சி. கணிதம், இரண்டாம் ஆண்டு. அமெரிக்காவில் பிஎச்.டி. படிக்க ஆசை. அங்கே இருக்கும் மச்சான் ஒரு யோசனை சொன்னாராம்: பேர்போன பல்கலைக்கழகம் ஒன்றில் மூன்று வாரக் கோடை வகுப்பு, விமானச் செலவோடு நாலரை லட்சம். நகையை வைத்துப் புரட்டலாமா என்று கேட்டார்.

கவலைப்படாதீர்கள் என்றுதான் ஆரம்பித்தேன். நகை என்றதும் சுற்றி வளைக்கவில்லை. வேண்டாம் சார். சேர்ந்தபின் பெரும்பாலும் கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் தருகிற படிப்பு அது. அதன் வாசலில் எதற்கு நாலரை லட்சம்? பணம் கட்டினால் யாரும் போகக்கூடிய வகுப்பு எது என்பது சேர்க்கைக் குழுவுக்குத் தெரியும். அவர்கள் ஊன்றிப் படிப்பது பரிந்துரைக் கடிதங்களை. ‘நல்ல மாணவி, ஒழுக்கமானவள்’ என்ற கடிதத்தால் பயனில்லை. ‘ஒரு கணக்கோடு இரண்டு நாள் மல்லுக்கட்டி, நான் நினைக்காத வழியில் வந்தாள்’ என்று எழுத வேண்டுமானால், அந்த மல்லுக்கட்டலை ஒருவர் பக்கத்திலிருந்து பார்த்திருக்க வேண்டும். செமஸ்டர் ஓட்டத்தில் அதற்கு ஏது நேரம்? மூன்று வருடப் படிப்புக்கு நடுவில் வருவது இரண்டே கோடை. ஒன்று ஏற்கெனவே போய்விட்டது.

ஐ.ஐ.டி. இன்டர்ன்ஷிப் பற்றி எல்லோருக்கும் தெரியும், விடுங்கள். மிச்சமிருக்கும் கோடைக்கு நான் சொன்னது எம்.டி.டி.எஸ். பேராசிரியர் எஸ். குமரேசன் 1993-இல் தொடங்கிய கோடைக் கணிதப் பயிற்சி. நான்கு வாரம். தங்குமிடமும் சாப்பாடும் இலவசம், ஸ்லீப்பர் ரயில் கட்டணமும் தருவார்கள். இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கென்றே தனி நிலை உண்டு. அங்கே கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டு உட்கார முடியாது. ஒரு வரையறை வந்தால், ‘இதற்குப் பொருந்துவது ஒன்று சொல், பொருந்தாதது ஒன்று சொல், ஏன்?’ என்று உங்கள் பக்கம் திரும்புவார்கள். அங்கே போய்வந்த ஒரு பையன் என்னிடம் நோட்டைக் காட்டினான். தொடர்வரிசை (sequence) ஒருங்குவதன் (convergence) வரையறைக்கு மட்டும் ஆறு பக்கம், பாதிக்குமேல் அடித்துத் திருத்தியது. கல்லூரிப் பரீட்சையில் அதற்கு இரண்டு மார்க்!

இது ஆராய்ச்சி அல்ல, இடத்துக்கு உத்தரவாதமும் அல்ல. நடுவில் எம்.எஸ்சி. வேறு இருக்கிறது. ஆனால் நல்ல கணித நிறுவனத்து நேர்காணலில், ‘சரி, நிரூபி’ என்று சாக்பீஸைக் கையில் கொடுத்தால் நடுங்காது. இந்தப் பயிற்சிக்குத் தேர்வாகாவிட்டால் உள்ளூர்ப் பேராசிரியர் ஒருவரிடம் ஒரே புத்தகத்தை எடுத்துக்கொண்டு, பயிற்சிக் கணக்கு ஒன்றைக்கூட விடாமல் போடட்டும். காலணா செலவில்லை.

“பொம்பளப் பிள்ளைய தனியா ஒரு மாசம்...” என்று இழுத்தார்.

அமெரிக்காவுக்கு அனுப்பக் கிளம்பியவர் இவர்தான்!

அப்புறம் மகளிடம் திரும்பினேன். அதுவரை அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. போன லீவில் என்ன செய்தாய் என்றேன். மாமா டேட்டா சயின்ஸ் வீடியோக்கள் அனுப்பினார், பார்க்கவில்லை. எண் கோட்பாட்டுக் கணக்குகளைத்தான் திரும்பப் போட்டேன் என்றாள், அப்பாவைப் பார்த்துக்கொண்டே. விண்ணப்பத்துக்கு ஆசிரியர் பரிந்துரை வேண்டும், யாரிடம் கேட்பாய்? துறைத்தலைவருக்கு அவள் பெயர் தெரியாதாம். எண் கோட்பாடு நடத்தும் மிஸ் மட்டும், வகுப்பு முடிந்தும் சந்தேகம் கேட்டு நிற்பதால், “நீ இன்னும் போகலையா” என்பாராம்.

திங்கட்கிழமை அவரிடமே போய்க் கேள் என்றேன்.