ஸ்னோ பீஸ்: மணி பருக்கும்வரை காத்திருக்க வேண்டாம்

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறோம். பிப்ரவரி கடைசியில் ஸ்னோ பீஸ் (தோலோடு தின்னும் பட்டாணி) விதை வாங்கி க்ரோ பேக்கில் போட்டேன். கொடி ஆளுயரம் ஏறி நன்றாகப் பூத்தது. காய் திரண்டு உருண்டதும் பறித்துத் தோலோடு வதக்கினால் ஒரே நார், மெல்லவே முடியவில்லை. இப்போது அடி இலைகளில் மாவு தூவியதுபோல் வெள்ளையாக வேறு படர்கிறது. எங்கே பிசகு? சென்னையில் இருக்கும் என் தங்கை மொட்டை மாடியில் இதை வளர்க்கலாமா?

பதில்: கொடி ஏறியிருக்கிறது, பூத்திருக்கிறது, காய்த்தும் இருக்கிறது. வளர்ப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ‘திரண்டு உருண்டதும் பறித்தேன்’ என்கிறீர்களே, கோளாறு அங்கேதான். அந்தக் காய் பல நாள் முன்பே, தட்டையாக இருக்கும்போதே வாணலிக்குப் போயிருக்க வேண்டும்.

பச்சைப் பட்டாணிக்காயை உரித்ததும் தோலின் உட்பக்கத்தை நகத்தால் கிளப்பிப் பாருங்கள். மெல்லிய, விறைப்பான ஒரு சவ்வு உரிந்து வரும். முழுக்க நார். அதனால்தான் அந்தத் தோலைக் குப்பையில் போடுகிறோம். ஸ்னோ பீஸில் அந்தச் சவ்வு இல்லை, இருந்தாலும் பெயருக்குத்தான். மரபியலுக்கு வித்திட்ட மெண்டல் 1866இல் வெளியிட்ட பட்டாணி ஆய்வில் எடுத்துக்கொண்ட ஏழு பண்புகளில், காய் உப்பலாக இருக்கிறதா, மணிக்கு மணி இடுங்கி இருக்கிறதா என்பதும் ஒன்று. அந்த இடுங்கிய காய்கள் இந்தச் சவ்வில்லாத வகைதான். ஆனால் சவ்வு இல்லாவிட்டாலும் காய் முற்ற முற்ற ஓரத்து நார் தடித்துவிடும். தோலில் இருக்கும் சர்க்கரையும் மணிக்குப் போய் மாவாகிவிடும்.

பாக்கெட்டில் வந்தது சாதாரணப் பட்டாணியாகவே இருக்கவும் வாய்ப்புண்டு. மணி பாதி பருத்த காய் ஒன்றைப் பிளந்து, ஒரு பக்கத் தோலை உள்நோக்கி மடித்து ஒடியுங்கள். சதை ஒடிந்தும் உள்சவ்வு அறாமல் தொங்கினால் அது உரித்துத் தின்னும் பட்டாணி. ‘டக்’கென்று முழுசாக ஒடிந்தால் அசல் ஸ்னோ பீஸ். பிஞ்சில் இந்தச் சோதனை செல்லாது. எந்தப் பட்டாணியானாலும் பிஞ்சில் சவ்வு முற்றியிருக்காது.

பறிக்கும் பக்குவம் பூ விரிந்து ஐந்து முதல் ஏழு நாளில் வரும் என்பார்கள். உங்கள் ஊர்க் குளிரில் இரண்டொரு நாள் கூடலாம், எனவே நாளை எண்ணாதீர்கள், காயைப் பாருங்கள். பெரும்பாலான ரகங்களில் 6 முதல் 8 செ.மீ. நீளம் இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மணிகள் புள்ளி புள்ளியாகத் தெரியும், விரலால் தடவினால் மேடு தட்டக் கூடாது. ஒருநாள் விட்டு ஒருநாள், காலையில் பறியுங்கள். ஒரு கையால் கொடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் காயைக் கிள்ளுங்கள். வெடுக்கென்று இழுத்தால் கொடியே கையோடு வந்துவிடும். இலை நிறத்திலேயே இருப்பதால் சில காய்கள் கண்ணில் படாமல் தப்பி உருண்டுவிடும். அவற்றையும் பறித்து, உரித்துக் குருமாவில் போடுங்கள். கொடியில் விட்டால் விதை முற்றியதும் செடி பூப்பதை நிறுத்திவிடும். விளைச்சல் குறைய இதுதான் பெரிய காரணம், உரமல்ல.

சமைக்கும்போது நுனியைக் கிள்ளி ஓர நாரை இழுத்துவிட்டு, பெருந்தீயில் ஓரிரு நிமிடம் வதக்கினால் போதும்.

இலையில் படர்வது சாம்பல் நோய். பகல் வறண்டும் இரவு குளிர்ந்தும் இருக்கும் பருவத்தில் பட்டாணிக்கு வருவதுதான். காய்ப்பு ஓய்ந்த கொடிக்கு மருந்தடித்துப் பயனில்லை, வெட்டி அப்புறப்படுத்துங்கள். வேரை மட்டும் மண்ணிலேயே விடலாம், வேர்முடிச்சில் தழைச்சத்து இருக்கிறது. இளங்கொடியில் வந்தால் நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) லிட்டருக்கு 2 கிராம் தெளிப்பது வழக்கம். ஆனால் ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்துத் தோலோடு தின்னும் காய்க்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, தொடக்கத்திலேயே வாராவாரம் காலையில் தெளியுங்கள். அடுத்த முறை ‘ஓரிகன் சுகர் பாட் 2’ கிடைத்தால் வாங்குங்கள். ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான ரகம், இந்த நோயைத் தாங்கும், மூன்றடிக்குள் நின்றுவிடும்.

அடுத்த விதைப்பு அக்டோபர், நவம்பரில். நாற்று விட்டு நட வேண்டாம், விதையை நேராக ஓர் அங்குல ஆழத்தில், இரண்டு மூன்று அங்குல இடைவெளியில் ஊன்றுங்கள். யூரியா பக்கமே போகாதீர்கள். தழை மண்டும், பூ வராது. தடித்த மூங்கிலைக் கொடியின் பற்றுக்கம்பிகளால் (சுருள் இழைகளால்) சுற்றிப் பிடிக்க முடியாது, சணல் கயிறோ வலையோ கட்டுங்கள். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் பள்ளமான இடமென்றால் பூக்கும் சமயத்தில் இரவில் மூடி வையுங்கள். இலை தாங்கினாலும் பூவும் பிஞ்சும் கருகிவிடும்.

தங்கைக்கு: ஓசூராக இருந்தால் குளிர்காலத்தில் துணிந்து போடச் சொல்வேன். இந்தச் செடிக்குப் பிடித்தது 13 முதல் 18 டிகிரி. 27ஐத் தாண்டினால் பூ உதிரும். சென்னையில் மார்கழிப் பகலே அதைத் தாண்டுகிறது. அங்கே பட்டாணித் தளிர்தான் சரி. மளிகைக் கடையில் முழுப் பட்டாணி வாங்கி (உடைத்த பருப்பு முளைக்காது, விதைக் கடைப் பாக்கெட்டில் மருந்து தடவியிருக்கும்) இரவெல்லாம் ஊறவைத்து, தட்டில் மூன்று விரற்கடை தேங்காய் நார்க்கழிவு பரப்பி நெருக்கமாகத் தூவட்டும். இரண்டு வாரத்துக்குள் ஒரு சாண் உயரம் வரும். அடி இலைக்கணுவுக்குச் சற்று மேலே நறுக்கினால் இன்னொரு முறையும் துளிர்க்கும். பூண்டு தட்டிப்போட்டுக் கீரை மாதிரி வதக்கலாம்.