ஒன்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் இரவு

கேள்வி: எனக்கு வயது 31. 22 வயதில், நண்பன் வீட்டு விருந்து முடிந்து குடித்த நிலையில் கார் ஓட்டி வந்து போலீசிடம் பிடிபட்டேன். யாருக்கும் காயமில்லை. நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினேன். ஓட்டுநர் உரிமத்தை ஓராண்டு முடக்கினார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது நான்கு மாதம் அவருடன் மருத்துவமனையில் இருந்தேன். நர்சிங் படிக்கும் ஆசை அங்கேதான் வந்தது. விண்ணப்பப் படிவத்தில், 'நீங்கள் எப்போதாவது குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டதுண்டா?' என்று கேட்டிருக்கிறார்கள். 'வெறும் அபராதம்தானே, இல்லை என்று எழுது' என்கிறார் அத்தான். படித்து முடித்த பிறகு செவிலியராகப் பதிவு மறுக்கப்பட்டால் என் கதி என்ன? உடன் படிப்பவர்களுக்கும் சொல்ல வேண்டி வருமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, தாராளமாக விண்ணப்பியுங்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று எழுதுங்கள். அத்தான் உங்கள் நலம் நினைத்துத்தான் சொல்கிறார். இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சு வேண்டாம்.

'வெறும் அபராதம்' என்பதில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். வண்டியைத் தவறான இடத்தில் நிறுத்தியதற்குச் சீட்டு கொடுத்து வசூலிக்கும் அபராதம் வேறு. நீதிபதி முன் நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டிய அபராதம் வேறு. இரண்டாவதன் பின்னால் ஒரு தீர்ப்பு இருக்கிறது. சிறைக்குப் போகவில்லை என்பதால் அது தீர்ப்பு இல்லாமல் போகாது.

எந்த நாட்டில் படிக்கப் போகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதைப் பொறுத்து விதி மிகவும் மாறும். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலச் செவிலியர் வாரியங்கள் கைரேகை வாங்கி மாநில, மத்தியக் குற்றப் பதிவுகளைத் தேடுகின்றன. முதல் முறை, யாருக்கும் காயமில்லை என்றால் குடிபோதை ஓட்டல் அங்கே பெரும்பாலும் சிறுகுற்ற வகையில் வரும். பல மாநிலங்களில் செல்லும் கூட்டுச் செவிலியர் உரிமத்துக்குப் பெருங்குற்றத் தீர்ப்புதான் நேரடித் தடை. கலிபோர்னியாவில் 2020 ஜூலை முதல் அமலில் இருக்கும் சட்டப்படி, கடுமையான பெருங்குற்றங்கள் நீங்கலாக, ஏழு ஆண்டுகளுக்கு முந்தைய தீர்ப்பைக் காரணம் காட்டி உரிமத்தை மறுப்பது பொதுவாக இயலாது. 'பணி நேரத்தில் குடிக்கவில்லையே' என்ற வாதத்தை மட்டும் அங்கே கொண்டு போகாதீர்கள். பணி நேரத்துக்கு வெளியே குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒரு செவிலியர் மீது வாரியம் எடுத்த நடவடிக்கை செல்லும் என்று 2012-இல் அந்த மாநில மேல்முறையீட்டு நீதிமன்றமே சொல்லிவிட்டது.

இங்கிலாந்தில், பெரியவரான பின் வந்த, சிறைத் தண்டனை இல்லாத இத்தகைய தீர்ப்பு 11 ஆண்டுகள் கழிந்தால் பணிக்கான குற்றப் பதிவுச் சோதனைச் சான்றிதழில் வராது. உங்களுக்கு ஒன்பதுதான் ஆகிறது. ஆகவே இப்போது சொல்லியே ஆக வேண்டும். ஆஸ்திரேலியாவில் இந்தக் கணக்கே கிடையாது. எத்தனை ஆண்டு ஆனாலும், வேறு காரியங்களுக்குக் காலாவதியாகிவிட்டதாகக் கருதப்படும் தீர்ப்பானாலும், பதிவு வாரியத்திடம் சொல்ல வேண்டும். ஆனால் சொன்னவுடன் கதவை மூடிவிடுவதில்லை. குற்றத்தின் தன்மை, கழிந்த காலம், அப்போதைய வயது, அதன் பின் நடந்துகொண்ட விதம் என்று வரிசையாக எடைபோட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். அந்தத் தராசில் உங்கள் தட்டு நன்றாகவே நிற்கும் என்பது என் கணிப்பு.

'படித்து முடித்த பிறகு மறுத்தால்?' என்ற பயம் நியாயமானது. கல்லூரி சேர்த்துக்கொண்டதால் வாரியம் பதிவு தந்துவிடும் என்று பொருளில்லை. நடுவில் பயிற்சிக்கு அனுப்பும் மருத்துவமனையும் தன் பங்குக்கு ஒரு சோதனை வைத்திருக்கும். வார்டுக்குள் விடாவிட்டால் படிப்பு அங்கேயே நின்றுவிடும். அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே மூன்று இடங்களிலும் எழுத்து மூலம் கேளுங்கள். டெக்சஸ் வாரியத்தில் இதற்கென்றே ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: படிப்பில் சேரும் முன்பே மனு கொடுத்து, நான் தகுதியுள்ளவனா என்று முறையான உத்தரவு வாங்கிவிடலாம். உங்கள் வாரியத்தில் அப்படி ஒன்று இருக்கிறதா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. தொலைபேசியில் யாரோ சொன்ன 'பிரச்சினை இருக்காது சார்' என்பதை நம்பிப் பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.

வாரியம் இதை ஏன் இவ்வளவு துருவுகிறது என்று எரிச்சல் வரலாம். நான் வார்டு பொறுப்பில் இருந்த காலத்தில், இரவு மூன்று மணிக்கு ஒரு புதுச் செவிலி ஓடி வந்தாள். 'அக்கா, பக்கத்துப் படுக்கைக்காரரின் ரத்த அழுத்த மாத்திரையை இவருக்குக் கொடுத்துவிட்டேன்.' விடியும்வரை இருவரும் மாறி மாறி அழுத்தம் பார்த்தோம், மருத்துவரும் வந்தார், நோயாளி தேறிவிட்டார். அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால், அழுத்தம் ஏன் இறங்குகிறது என்று தெரியாமல் நாங்கள் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்திருப்போம். படிவத்தில் அந்தக் கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவள் முகம்தான் நினைவுக்கு வரும். 'இல்லை' என்று எழுதி, பிறகு கைரேகையில் அகப்பட்டால், 22 வயதில் செய்தது போய் 31 வயதில் சொன்ன பொய்தான் உங்கள் கோப்பில் முதல் பக்கமாகிவிடும்.

விளக்கக் கடிதம் கேட்பார்கள். ஒரு பக்கம் போதும். தேதி, எங்கே பிடிபட்டீர்கள், சோதனையில் வந்த ஆல்கஹால் அளவு, என்ன தண்டனை, எப்போது நிறைவேற்றினீர்கள் என்பதை அப்படியே எழுதுங்கள். 'நண்பர்கள் வற்புறுத்தினார்கள்', 'கொஞ்சம்தான் குடித்தேன்' போன்ற வரிகளைத் தேர்வுக் குழுவில் இருந்தபோது நான் நிறையப் படித்திருக்கிறேன். கொஞ்சம் குடித்தவரின் சோதனை அளவு பெரும்பாலும் நிறையச் சொல்லும். 'நான் குடித்திருந்தேன், ஓட்டியிருக்கக் கூடாது' என்று எழுதினால் அடுத்த பத்திக்கு நிம்மதியாகப் போகலாம். அதில் இந்த ஒன்பது ஆண்டுகளைச் சொல்லுங்கள்: என்ன வேலை, வண்டி ஓட்டுவதில் வேறு வழக்கு உண்டா, குடியில் என்ன மாறியது. அப்பாவின் நோயை மட்டும் இந்தக் கடிதத்தில் கொண்டு வராதீர்கள். ஏன் நர்சிங் என்ற கட்டுரையில் அதற்கு உயிர் இருக்கிறது. இங்கே வைத்தால் அனுதாபம் தேடுவதாகப் படும்.

கூடவே தீர்ப்பின் சான்றளிக்கப்பட்ட நகல், அபராத ரசீது, ஓட்டுநர் உரிமம் திரும்பக் கிடைத்ததற்கான ஆவணம் வேண்டும். பழைய கோப்பை அழித்துவிட்டதாக நீதிமன்றம் சொன்னால், அதையே எழுதி வாங்கி இணையுங்கள். பரிந்துரைக் கடிதம் தருபவருக்கு இந்த விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் எழுதும் புகழுரை இங்கே செல்லாக் காசு. எல்லா இடத்துக்கும் ஒரே வாசகம் போகட்டும், நகல் உங்களிடம் இருக்கட்டும்.

நீங்கள் எழுதாமல் விட்ட இன்னொன்று: இப்போது குடிக்கிறீர்களா? வாரியமும் அதைத்தான் அறிய விரும்பும். மார்ஃபின் அலமாரியின் சாவி கையில் இருக்கப்போகிறவரிடம் கேட்கத்தானே செய்வார்கள்? குடிப்பழக்கத்தை எடைபோட உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய 'ஆடிட்' என்ற பத்துக் கேள்வித் தாள் இருக்கிறது. தனியாக உட்கார்ந்து, யாருக்கும் காட்டாமல், உண்மையாக நிரப்புங்கள். மதிப்பெண் எட்டோ அதற்கு மேலோ வந்தால், விண்ணப்பத்தை ஒரு பருவம் தள்ளி வைத்துவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள். தானாகப் போய் உதவி பெற்றதை எழுதுவதில் கேவலமில்லை. குழுவில் இருந்தவளாகச் சொல்கிறேன், எனக்கு அது உங்கள் பக்கம் சாயக் காரணமாகத்தான் இருந்திருக்கும். படிக்கும்போது இரண்டாம் முறை பிடிபட்டால் நான் மேலே எழுதிய நம்பிக்கை எதுவும் செல்லாது. விருந்துக்குப் போகிற நாளில் கார் சாவி வீட்டிலேயே இருக்கட்டும்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். உடன் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. கேட்கும் உரிமை கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் வாரியத்துக்கும் இருக்கிறது. பக்கத்து இருக்கைக்காரருக்கு இல்லை. அத்தானிடமும் மேற்கொண்டு ஆலோசனை கேட்க வேண்டியதில்லை.