கார் கார்னு கிடக்கற புள்ள, கார புடுங்கி வைக்கணுமா?

திருமங்கலத்துல இருந்து ஒரு அம்மா கேட்டுருக்காங்க: "பையனுக்கு மூணே முக்கா வயசு. எந்திரிச்சதுல இருந்து படுக்கற வரைக்கும் கார்தான். பின்னாடி லைட்ட வச்சே இது ஸ்விஃப்ட், அது இன்னோவாங்குறான், ஆனா அ ஆ எழுத உக்காரவே மாட்டேங்குறான். அப்பத்தா எல்லாத்தையும் மூட்ட கட்டி பரண்ல போடுங்குறாங்க, பக்கத்து வீட்டுல ஆட்டிசமா இருக்கும்னு பயமுறுத்துறாங்க. என்ன பண்றது?"

பரண்ல போடாதீங்க, அத மொதல்ல சொல்லிடுறேன். இந்த வயசுல ஒண்ணு மேல பைத்தியமா கிடக்கறது அபூர்வம் இல்ல, 2007ல ஜூடி டெலோச்சுங்கற உளவியல் ஆய்வாளரும் கூட இருந்தவங்களும் பெத்தவங்ககிட்ட விசாரிச்சப்ப கிட்டத்தட்ட மூணுல ஒரு புள்ளைக்கு இப்படி ஏதாச்சும் ஒண்ணு இருந்துருக்கு.

ஆட்டிசம்னு சொல்றதுக்கு கார் மேல எவ்வளவு ஆசைங்கறது அளவுகோலே இல்ல. நான் பாக்கறது, அவன் வண்டில உங்களுக்கு சீட்டு இருக்கான்னுதான். "அம்மா அங்க பாரு"ன்னு வெரல நீட்டிட்டு நீங்க பாத்தீங்களான்னு உங்க மூஞ்சிய திரும்பிப் பாக்குறானா, பேரச் சொல்லிக் கூப்பிட்டா திரும்புறானா, பெட்ரோல் போட்டு ஆள் ஏத்திக்கிட்டு அழகர்கோவில் போற மாதிரி வெளாடுறானா? இதெல்லாம் இருந்தா பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு ஒரு காபியக் குடுத்து அனுப்பி வச்சுருங்க. அப்படி இல்லாம கார கவுத்துப் போட்டு சக்கரத்த மட்டும் மணிக்கணக்கா சுத்திக்கிட்டு, அடுக்கி வச்ச வரிசைய தொட்டா அலறி, பேச்சும் கம்மியா இருந்தா, இல்ல பேசுன பேச்சே கொறஞ்சு போச்சுன்னா, வளந்தா சரியாயிரும்னு காத்துக் கெடக்காம குழந்தை டாக்டர்ட்ட காட்டுங்க. அரசு ஆஸ்பத்திரின்னா டி.இ.ஐ.சி. எங்க இருக்குன்னு கேளுங்க, இந்த மாதிரி புள்ளைகள பாக்கறதுக்குன்னே உள்ள மையம், காசு கெடையாது.

சரி, அ ஆவுக்கு வருவோம். உக்கார மாட்டேங்குறான்ல, நீங்க எந்திரிங்க. சாயங்காலம் வெயில் தாழ ரோட்டோரம் பத்திரமா ஒரு எடத்துல நின்னு நம்பர் பிளேட் பாருங்க. TN-க்கு அடுத்து வர்ற நம்பர் எந்த ஊரு வண்டின்னு சொல்லும்: 58 மதுரை தெற்கு, 59 வடக்கு, 64 மத்தி, நாலுவழிச் சாலைல போறதுல 67 விருதுநகர், 72 திருநெல்வேலி. இன்னைக்கு 67 எத்தன வந்துச்சுன்னு நோட்டுல கோடு போடச் சொல்லுங்க, பென்சிலப் புடிக்க மாட்டேன்னவன் புடுங்கி எழுதுவான். மஞ்ச போர்டு வாடகை வண்டி, பச்சை போர்டு கரண்ட்ல ஓடுற வண்டின்னு சொல்லிக் குடுத்தா பிரிச்சுப் பாக்கறதும் தானா வந்துரும்.

பஞ்சர் கடைக்கும் ஒரு தடவ கூட்டிட்டுப் போங்க, ட்யூப தொட்டித் தண்ணில முக்குனதும் முட்ட முட்டையா வருமே, அதப் பாத்து அவன் கேக்கற கேள்விக்கு பதில் சொல்லத்தான் நீங்க படிக்கணும். நுங்கு சீசன்ல அப்பத்தாவ விட்டு ரெண்டு நுங்குக் கூட்டுல குச்சி சொருகி வண்டி செஞ்சு தரச் சொல்லுங்க, அச்சுன்னா என்னன்னு பொம்மைக் கார விட இது நல்லா சொல்லும் (பரண் பேச்சும் நின்னுரும்). சித்திரைல மாசி வீதில தேர் வரும்போது எல்லாரும் மேல அம்மன பாப்பாங்க, இவன் கீழ சக்கரத்தத்தான் பாப்பான், பாக்கட்டும். அங்க முட்டுக்கட்டை போடுறாங்க பாருங்க, பிரேக்கும் அதான், தேர் திரும்புறதும் அதாலதான்.

சோத்து நேரத்துல கையில இருக்கறத வெடுக்குனு புடுங்காதீங்க. "வண்டிக்கு டீசல் போட நிறுத்து, டிரைவர் சாப்ட்டு வரட்டும்"னு அவன் பாஷைலயே சொன்னா பாதி நாள் சண்ட இல்லாம முடியும், மீதி பாதி நாள் அழுவான், அழட்டும். கார் வீடியோவ மட்டும் இந்தக் கணக்குல சேக்காதீங்க, ரெண்டுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு எல்லாத் திரையும் சேத்து ஒரு மணி நேரத்துக்கு மேல வேணாம்னு இந்திய குழந்தை மருத்துவர்கள் சங்கமே சொல்லிருக்கு.

லைட்டு எரியற, சத்தம் போடுற பொம்மைக் கார்ல பட்டன் பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டதான்னு பாத்து வாங்குங்க, முழுங்கிட்டா ரெண்டு மணி நேரத்துல உணவுக்குழாய அரிச்சுரும்.

அப்பறம் நெஜக் கார். ஆசப்படுறானேன்னு அப்பாமாரு மடில வச்சு ஸ்டீயரிங்க குடுக்கறது நம்ம பக்கம் ரொம்ப இருக்கு, எனக்கு பாத்தாலே வயித்தக் கலக்குது, ஏர்பேக் வெடிச்சா நடுவுல மாட்டறது புள்ளதான். 14 வயசுக்குள்ள இருந்தா பெல்ட்டோ குழந்தை சீட்டோ கட்டாயம், இல்லாட்டி 1,000 ரூவா ஃபைன். நின்னுக்கிட்டு இருக்கற கார்ல தனியா ஏறி கதவச் சாத்திக்கிட்டா மதுர வெயில்ல கொஞ்ச நேரத்துல உசுருக்கே ஆபத்து, இவ்வளவு ஆசையுள்ள பையன் கண்டிப்பா ஏறிப் பாப்பான். கார எப்பவும் பூட்டியே வைங்க, சாவிய அவன் கை எட்டாத ஆணில மாட்டுங்க.